காத்துக் கருப்புக்கு கிரேக்கத்துல என்ன பேர்?

கோஸ்ட், ஸ்பிரிட், டீமன், டெவில். கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளுக்கு இங்கிலீஷ்ல அதிகமாப் புழங்குற நாலு சொல்லு இதுதான். இதைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோறது லேசான வேலைன்னு தோணும். நாலுல ரெண்டு கிரேக்கத்துல இருந்தே வந்ததாச்சே (டீமன் வந்தது டைமோன்ல இருந்து, டெவில் வந்தது டியாபொலோஸ்ல இருந்து).

ஆனா சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. கிரேக்கத்தை விட்டுப் போன சொல்லு, ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு இங்கிலீஷ் வழியாத் திரும்பும்போது பொருள் மாறிப்போயிருது. எழுத்து ஒண்ணுபோல இருக்கும். ஆளு வேற.

தமிழுக்கு இந்த வேலை புதுசு இல்ல. தரங்கம்பாடியில சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சது 1714-15ல. அது கிரேக்க மூலத்துல இருந்து பண்ணுனது. அப்புறம் பப்ரிசியஸ், அதுக்கப்புறம் 1871ல முழுசா வந்த பவர் ஐயர் திருப்புதல் (இனிமே 'பழைய திருப்புதல்'னு சொல்றது இதைத்தான்), கடைசியா 1995ல வந்த திருவிவிலியம். ஆக, முந்நூறு வருஷமா டைமோனுக்கும் நியூமாவுக்கும் தமிழ்ல சொல்லு தேடிக்கிட்டே இருக்காங்க. அந்தத் தேடலைக் கூர்ந்து பார்த்தா ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும். இங்கிலீஷ் வழியாப் போனாத் தொலைஞ்சுபோற பொருள், திண்டுக்கல் பக்கத்து ஊர்ப்பேச்சுல அப்படியே பத்திரமா இருக்கு.

முதல்ல நியூமா.

நியூமான்னா மூச்சு. காத்துன்னும் அர்த்தம். உயிர், ஆவின்னும் அர்த்தம். இங்கிலீஷ்ல ஸ்பிரிட்னு சொல்லும்போது காத்து காதுல விழாது. (லத்தீன் மூலத்துல மூச்சு இருக்கு, ஆனா இன்னைக்கு இங்கிலீஷ் பேசுறவங்களுக்கு அது ஞாபகம் வராது.) தமிழ்ல ஆவின்னு சொன்னா இட்லி வேகுற ஆவியும் அதுதான், நீராவியும் அதுதான், பரிசுத்த ஆவியும் அதுதான். இதைவிடப் பொருத்தமான சொல்லு கிடைக்காது. கத்தோலிக்கர்கள் ரொம்ப காலம் 'இஸ்பிரீத்து சாந்து'ன்னு போர்த்துகீசியச் சொல்லையே வச்சிருந்தாங்க. அது மாறி 'தூய ஆவி' ஆனப்ப, மூச்சும் உயிரும் ஒண்ணுங்கிற அந்தப் பழைய கிரேக்கப் பொருள் தமிழ் ஜெபத்துக்குள்ள திரும்ப வந்துச்சு.

ஊர்ப்பேச்சு இதுக்கும் ஒரு படி மேல. உச்சி வேளையில புளியமரத்துப் பக்கம் போயிட்டு வந்த பிள்ளை காய்ச்சல்ல படுத்துட்டா 'காத்து அடிச்சிருச்சு'ம்பாங்க. 'காத்துக் கருப்பு அண்டக்கூடாது'ன்னு கயிறு மந்திரிச்சுக் கட்டுவாங்க. இன்னைக்குக் கிரேக்க நாட்டுக் கிராமத்துலயும் இதே எண்ணம் இருக்கு. அங்க அதுக்கு அயெரிகோன்னு பேரு. அயெர்னா காத்து. காத்துல திரியுற, தொட்டா நோவு குடுக்குற ஒண்ணு. இதை இங்கிலீஷ்ல ஃபேரின்னு எழுதுறாங்க. உடனே ரெக்கை வச்ச சின்னப் பொண்ணு கண்ணுக்குள்ள வந்து நிக்கும். தமிழ்ல 'காத்து'ன்னு ஒரே சொல்லுல முடிச்சிரலாம்.

காத்து நோவு குடுக்கும்ங்கிறது கிராமத்து நம்பிக்கை மட்டும் இல்ல. திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையோட சரித்திரத்துலயே இதுக்குச் சாட்சி இருக்கு. 19ம் நூற்றாண்டுல மதுரைப் பக்கம் வேலை செஞ்ச அமெரிக்க மிஷனரிகள், சமவெளி வெயிலும் காய்ச்சலும் தாங்காம, இளைப்பாறவும் உடம்பு தேத்தவும் முதல்ல தேர்ந்தெடுத்தது சிறுமலையைத்தான். ஆனா காய்ச்சல் அங்கயும் விடல. அதனாலதான் 1845ல கொடைக்கானல்ல வீடு கட்டி அங்க மாறுனாங்க. அன்னைக்குப் படிச்ச வைத்தியர்களே அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காத்துன்னுதான் நம்புனாங்க. மலேரியாங்கிற இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காத்து'ன்னுதான் அர்த்தம். கொசுவுக்குள்ள அந்தக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்ல கண்டுபிடிச்சது 1897ல. அதுக்கு முன்னாடி வைத்தியர்கள் அந்தக் கெட்ட காத்துக்கு வச்சிருந்த இன்னொரு பேரு மியாஸ்மா. அது கிரேக்கச் சொல்லு. பழைய கிரேக்கத்துல அது காத்தைக் குறிக்கல. கொலை நடந்த வீட்டுலயும் கொன்னவன் மேலயும் ஒட்டிக்கிற அழுக்கைக் குறிச்சது. கழுவிப் பரிகாரம் பண்ணாப் போகும், பண்ணாட்டி ஊருக்கே பரவும். தமிழ்ல இதுக்குத் தீட்டுன்னு பேரு. இங்கிலீஷ்ல பொல்யூஷன்னு போட்டா இன்னைக்குப் படிக்கிறவருக்கு ஆலைப் புகைதான் தெரியும்.

அடுத்து பூதம். இது ரொம்ப அழகான பொருத்தம்.

தமிழ்ல பூதம்னா நிலம், நீர், தீ, காத்து, ஆகாயம்னு ஐம்பூதமும்தான். புதையலைக் காக்குற, குளத்துல கிடக்குற, சிலப்பதிகாரத்துப் புகார்ல சதுக்கத்துல நிக்கிற பூதமும்தான். கிரேக்கத்துலயும் ஸ்டொய்கேயோன்னா மூலப்பொருள். நிலம், நீர், தீ, காத்து. அதே சொல்லு காலப்போக்குல கொஞ்சம் உச்சரிப்பு மாறி, கிணத்தையும் பாலத்தையும் பழைய வீட்டையும் பிடிச்சுக்கிட்டு இருக்குற ஒண்ணுக்கு ஸ்டொய்கியோன்னு பேராயிருச்சு. ரெண்டு மொழியும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கத்துக்கிட்டதுக்கு அடையாளம் இல்ல. ஆனா ரெண்டு ஊர் மனுஷங்களும் ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல இதை கோஸ்ட்னு எழுதுனா தப்பாப் போகும், ஏன்னா கோஸ்ட் செத்தவங்க ஆவி. ஸ்டொய்கியோவும் பூதமும் செத்து வந்தது இல்ல. அது இடத்தோட சொந்தக்காரன்.

ஃபான்டாஸ்மாங்கிற கிரேக்கச் சொல்லு கொஞ்சம் வேற. அதோட வேர்ல இருக்குறது 'தெரியுறது, தோணுறது'. தோற்றம்னு சொல்லலாம். சீடர்கள் கடல்மேல இயேசு நடந்து வர்றதைப் பார்த்து அலர்ற இடத்துல மத்தேயு இந்தச் சொல்லைப் போடுறாரு. 1611ல வந்த இங்கிலீஷ் ராஜா பைபிள் (கிங் ஜேம்ஸ் பைபிள்) அதை ஸ்பிரிட்னு மொழிபெயர்த்துச்சு. அதே புத்தகம் நியூமாவைப் பல இடத்துல கோஸ்ட்னு எழுதுச்சு. இன்னைக்குப் புழக்கத்துக்கு நேர் தலைகீழ்! தமிழ்ப் பழைய திருப்புதல் அந்தக் கடல் காட்சியில போட்ட சொல்லு 'ஆவேசம்'. இன்னைக்கு ஆவேசம்னா கோபம், வெறி. ஆனா அதோட பழைய அர்த்தம் உள்ள புகுந்து ஏறுறது, அதாவது சாமியோ பேயோ ஏறுறது. இன்னைக்குச் சின்னப் பிள்ளைங்க அந்த வசனத்தைப் படிச்சா சீடர்கள் ஏன் கோபத்தைப் பார்த்து பயந்தாங்கன்னு முழிக்கும். திருவிவிலியம் 'பேய்'னு மாத்துனது நல்ல காரியம். பயத்துல வாயில வர்ற சொல்லு அதுதான்.

இனிமே டைமோன். விஷயத்தோட மையம் இதுதான்.

பழைய கிரேக்கத்துல டைமோன் கெட்டது இல்ல. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியடோட கதையில பொற்காலத்து மனுஷங்க செத்ததும் நல்ல டைமோன்களாகி, பூமியில உள்ளவங்களுக்குக் காவலா இருக்காங்க. சந்தோஷத்துக்கே கிரேக்கத்துல எவ்டைமோனியான்னு பேரு, நல்ல டைமோன் கூட இருக்குறதுன்னு அர்த்தம். சாக்ரடீஸ் தப்பு செய்யப் போனாத் தடுக்குற ஒரு டைமோனியோன் அவருக்குள்ள குரல் குடுத்துச்சு. கி.மு. 399ல அவர் மேல சுமத்துன குற்றத்துலயும் இந்தச் சொல்லு இருக்கு: நகரத்துத் தெய்வங்களை விட்டுட்டுப் புது டைமோனியங்களைக் கொண்டுவந்தாருங்கிறது குற்றச்சாட்டு. அதைத் தமிழ்ல 'புதுப் பேய்களைக் கொண்டுவந்தார்'னு யாராவது எழுதுனா சாக்ரடீஸுக்குச் செய்யுற ரெண்டாவது அநியாயம்.

அப்புறம் எப்படி இது கெட்டுச்சு? மொழிபெயர்ப்புக்கு இதுல பெரிய பங்கு உண்டு. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்துக்கு மாத்துன வேலை கி.மு. 3ம் நூற்றாண்டுல அலெக்சாந்திரியாவுல ஆரம்பிச்சது. அதுல ஒரு சங்கீதத்துல (தமிழ்ல 96ம் சங்கீதம்), அந்நிய ஜனங்களோட தெய்வங்கள் எல்லாம் ஒண்ணுத்துக்கும் ஆகாதவைன்னு எபிரேயம் சொல்ற இடத்துல, கிரேக்க மொழிபெயர்ப்பாளர் டைமோனியான்னு எழுதிட்டாரு. தமிழ்ப் பழைய திருப்புதல் எபிரேயத்தைப் பார்த்து 'விக்கிரகங்கள்'னு வச்சுச்சு. கிரேக்கத்துல படிச்ச ஆதிக் கிறிஸ்தவங்களுக்கோ அடுத்தவங்க சாமி எல்லாம் டைமோன், டைமோன் எல்லாம் கெட்டதுன்னு ஆயிருச்சு. புதிய ஏற்பாட்டுல மனுஷங்களைப் பிடிச்சு ஆட்டுறது டைமோனியோன்தான்.

இதே கதை தமிழ்நாட்டுல திரும்ப நடந்துச்சு. பழைய திருப்புதல் டைமோனியோனுக்கும் 'பிசாசு'ன்னு போட்டுச்சு, டியாபொலோஸுக்கும் 'பிசாசு'ன்னு போட்டுச்சு. ரெண்டும் ஒண்ணாக் கலந்துபோச்சு. (ராஜா பைபிளும் ரெண்டையும் டெவில்னுதான் எழுதியிருக்கு.) 19ம் நூற்றாண்டு மிஷனரி எழுத்துல கருப்பு, மாடன், முனி எல்லாம் டெவில்னு ஆனதுக்கு இந்தக் கலப்பும் துணைபோச்சு. அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே, 1713ல, சீகன்பால்க் தென்னாட்டுத் தெய்வங்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதுனாரு. ஐயனார் மாதிரி ஊர்த்தெய்வங்கள் பேய்கள்கிட்ட இருந்து ஊரைக் காக்குதுன்னு மக்கள் சொன்னதை அதுல பதிஞ்சிருக்காரு. அது 1867 வரைக்கும் அச்சுக்கே வரல. முன்னாடியே வந்திருந்தா, காக்குறது வேற, பிடிக்கிறது வேறன்னு நிறையப் பேருக்கு விளங்கியிருக்கும்.

திண்டுக்கல் வட்டாரத்துல கருப்புங்கிற சொல்லையே பாருங்க. அருவாளோட எல்லையில நிக்கிற கருப்பணசாமியும் கருப்பு. ராத்திரி நடுத்தெருவுல பயமுறுத்துற காத்துக் கருப்பும் கருப்பு. முனியாண்டிக்குக் கெடா வெட்டிப் பொங்கல் வைக்கிறவங்களே 'முனி அடிச்சிருச்சு'ன்னும் சொல்லுவாங்க. காக்கும், அடிக்கும். கோபம் வந்தா அடிக்கும், கும்பிட்டாக் காக்கும். சாக்ரடீஸ் காலத்து டைமோனுக்கு இதைவிட நல்ல தமிழ்ச்சொல்லு இல்ல. அகராதியில டைமோன்னா 'பேய்'னு போடுறதை நிறுத்தி, 'கருப்பு, முனி போன்ற சிறுதெய்வம்'னு எழுதுறதுதான் நியாயம்.

சாமி ஏறுறதுலயும் இதே நுணுக்கம் இருக்கு. ரெண்டு பேரு ஒரே மாதிரி ஆடுறாங்கன்னு வைங்க. ஒருத்தருக்கு அருள் வந்திருக்குன்னு துண்ணூறு வாங்கிப் பூசுவாங்க. இன்னொருத்தருக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கு அடிச்சு விசாரிப்பாங்க. கிரேக்கத்துலயும் ரெண்டு சொல்லு: எந்தேயோஸ்னா தெய்வம் உள்ள இருக்குறவன், டைமோனிஸோமெனோஸ்னா பிடிபட்டவன். இங்கிலீஷ்ல ரெண்டையும் பொசஷன்னு ஒரே பானையில போட்டுட்டாங்க.

1995 திருவிவிலியம் செஞ்ச நல்ல வேலை இந்தக் கலப்பைப் பிரிச்சது. டைமோனியோனுக்குப் பேய். டியாபொலோஸுக்கு அலகை. அலகைங்கிறது புதுசா உருவாக்குன சொல்லு இல்ல. உலகம் உண்டுன்னு சொல்றதை இல்லைன்னு சாதிக்கிறவனை வள்ளுவர் 850வது குறள்ல அலகைன்னுதான் சொல்றாரு. நிகண்டுகள்லயும் கழுது, கூளி, குணங்குன்னு பேயோட பெயர்களுக்கு நடுவுல அலகையும் இருக்கு. ஆனா பொருள் பொருத்தத்தைப் பார்த்தா ஒரு குறை உண்டு. டியாபொலோஸ்ங்கிற சொல்லுக்கு நேர்ப்பொருள் கோள் சொல்றவன், பொய்ப்பழி போடுறவன். அலகையில அந்தக் கோள் இல்ல. 'கோள்மூட்டி'ங்கிற சொல்லு நம்மகிட்ட கையிலயே இருக்கு.

சாத்தான் விஷயத்துல ஒரு பெரிய குழப்பம் இருக்கு, தெளிவாச் சொல்லியே ஆகணும். வேதத்துல வர்ற சாத்தான் எபிரேயச் சொல்லு, எதிராளின்னு அர்த்தம். தமிழ்ல சாத்தன்ங்கிறது பழைய, மரியாதையான பேரு. மணிமேகலையை எழுதுனவரு சீத்தலைச் சாத்தனார். ஐயனாருக்கும் சாத்தன்னு பேரு உண்டு, சாஸ்தாவோட சேர்ந்த பேரு. குட்டிச்சாத்தான் வந்தது இந்தப் பக்கத்துல இருந்து. எழுத்து ஒட்டி இருக்குறதால ஊர் காக்குற தெய்வத்தோட பேரும் நரகத்து எதிராளியோட பேரும் காதுல ஒண்ணாக் கேக்குது. உறவே கிடையாது.

அடுத்தது மருந்து. இதைக் கவனிக்காம விட்டது தமிழ் மொழிபெயர்ப்புல உண்மையிலயே ஒரு இழப்பு.

கலாத்தியருக்கு எழுதுன நிருபத்துல பவுல் சொல்ற பாவங்கள்ல ஒண்ணு ஃபார்மகேயா. பழைய திருப்புதல் 'பில்லிசூனியம்'னு எழுதிருச்சு. ஃபார்மகோன்னா கிரேக்கத்துல மருந்து, விஷம், வசியம் மூணும். (ஃபார்மஸி வந்தது இதுல இருந்துதான்.) ஊர்ல என்ன சொல்றாங்க? 'அவனுக்கு மருந்து வச்சுட்டாங்க.' சோத்துல கலந்து குடுத்து ஆளை வசப்படுத்துறது, இல்லாட்டி உருக்குலைக்கிறது. அதுக்கு இடுமருந்துன்னு பேரு. அதை வயித்துல இருந்து எடுக்குறதுக்குன்னே ஆளுங்க உண்டு, 'மருந்து எடுக்குறவங்க'. சிறுமலையைச் சஞ்சீவி மலையில இருந்து விழுந்த துண்டுன்னு கதை சொல்ற வட்டாரம் இது. மூலிகை தேடி மலையேறுறவங்க ஊர். இங்க மருந்துன்னா உயிர் குடுக்குறதும் அதுதான், உயிரை வாங்குறதும் அதுதான். ஃபார்மகேயாவுக்கு 'மருந்து வைத்தல்'னு எழுதியிருந்தா, பவுல் எதைக் கண்டிச்சாருன்னு கேட்டவங்களுக்கு வீட்டுக்குள்ளயே புரிஞ்சிருக்கும்.

அதே நிருபத்துல இன்னொரு இடம். 'உங்களை மயக்கினவன் யார்'ங்கிற மாதிரி தமிழ்ல வந்திருக்கு. கிரேக்கத்துல அங்க இருக்குற வினைச்சொல்லு பாஸ்கைனோ: கண்ணு போடுறது. கண்ணேறு! கிரேக்கர்கள் இன்னைக்கும் இதை விடல. சொல்லு வாஸ்கனியான்னு ஆகியிருக்கு, பேச்சு வழக்குல வெறும் 'மாத்தி', அதாவது கண்ணு. குழந்தையைப் புகழ்ந்துட்டா மூணு தடவை துப்புற மாதிரி 'ஃப்து ஃப்து'ம்பாங்க. தண்ணியில எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்ப்பாங்க. எண்ணெய் கரைஞ்சு கலைஞ்சா கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம். நம்ம வீட்டுல உப்பும் மிளகாயும் சுத்தி, பிள்ளையைத் 'தூ தூ தூ'ன்னு துப்பச் சொல்லி அடுப்புல போட்டு, நெடி வரலைன்னா கண்ணு பலமாப் பட்டிருக்குன்னு சொல்றோம். சோதனை வேற, மனசு ஒண்ணு. கிரேக்கத் திருச்சபையிலயே வாஸ்கனியாவுக்கு எதிரா ஒரு ஜெபம் உண்டு. அந்த வசனத்துக்கு 'உங்க மேல யார் கண்ணு பட்டுச்சு'ன்னு எழுதினா பவுலோட ஆதங்கம் அப்படியே வந்திரும்.

இப்போ புதுசா வந்தவங்க. வாம்பயருக்குத் தமிழ் குடுத்தது ரத்தக்காட்டேரி. காட்டேரி நம்ம நாட்டார் தெய்வம், கும்பிடுறவங்களும் உண்டு. கப்பலேறிக் கயானா, டிரினிடாட் வரைக்கும் போன தெய்வம் அது. அதை ரத்தம் குடிக்கிற ஐரோப்பியச் சவத்துக்குப் பேரா வச்சது சரியில்ல. கிரேக்கத்துல இதுக்கு வ்ரிகோலாகஸ்னு சொல்லு. அது ஸ்லாவ் மொழியில இருந்து வந்தது, அங்க ஓநாய் மனுஷன்னு பொருள். கிரேக்கத்துக்குள்ள வந்ததும் கல்லறையில இருந்து எந்திரிச்சு வர்ற சவமாயிருச்சு. கடன் வாங்குற எந்த மொழியிலயும் இப்படி நடக்கும்.

ஸோம்பிக்குக் கிரேக்கமும் சொல்லு தேடல, ஸோம்பின்னே வச்சிருச்சு. தமிழ் சினிமா 2016ல 'மிருதன்'னு ஒரு பேரு குடுத்துச்சு. மிருகமும் மனிதனும் சேர்ந்த சொல்லு. வடமொழியில மிருதம்னா செத்ததுங்கிறதும் அதுல சேர்ந்து ஒலிக்குது. நல்ல ஆக்கம். இன்னும் பரவணும்.

இதையெல்லாம் மொத்தமாக் குறிக்கிற சொல்லுலயும் வித்தியாசம் உண்டு. இங்கிலீஷ்ல சூப்பர்நேச்சுரல், கிரேக்கத்துல இபெர்ஃபிஸிகோ. ரெண்டும் இயற்கைக்கு மேலன்னு அளக்குது. தமிழ்ல மக்கள் சொல்றது அமானுஷ்யம். வடமொழியில இருந்து வந்த அந்தச் சொல்லு மனுஷனை வச்சு அளக்குது: மனுஷத்தன்மை இல்லாதது. காத்தும் கருப்பும் பூதமும் இயற்கைக்கு வெளிய இருக்குன்னு கிராமத்துல யாரும் நினைக்கிறது இல்ல. மரத்துல இருக்கு, கிணத்துல இருக்கு, உச்சி வெயில்ல இருக்கு. அதனால 'இயற்கைக்கு அப்பாற்பட்ட'ன்னு பாடப்புத்தகம் எழுதுறதைவிட அமானுஷ்யமே பொருத்தம்.

இதைப் படிக்கிறவங்க நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, சிறுமலைப் பழையூர்னு எந்த ஊரா இருந்தாலும் ஒரு காரியம் செய்யுங்க. வீட்டுல இருக்குற அப்பத்தா, அம்மாச்சிகிட்ட உக்காந்து இந்தச் சொல்லுகளைக் கேட்டு எழுதி வைங்க. வெறும் சொல்லு பத்தாது. அது எந்த இடத்துல இருக்கும், எந்த நேரத்துல வரும், செத்து வந்ததா, ஆதியில இருந்தே இருக்குறதா, காக்குமா, அடிக்குமா, அதுக்கு என்ன பரிகாரம்னு சேர்த்து எழுதுங்க. கிரேக்கத்துல இருந்தோ வேற எந்த மொழியில இருந்தோ மொழிபெயர்க்கிறவங்களுக்கு வேணும்கிறது அந்த விவரம்தான்.